சுறா வேண்டாம்ப்பா

எங்கள் ஆஸ்பத்திரியில் பாதரசத்தை ஒழிக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. பாதரசம் வைத்த பொருட்களைப் படிப்படியாக விட்டுவிடுவதென்று உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அது தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தபோது, வார்டு வார்டாகப் போய்ப் பழைய தெர்மாமீட்டர்களையும் பிரஷர் பார்க்கிற கருவிகளையும் வாங்கி, மூடிபோட்ட டப்பாவில் பத்திரமாக அனுப்புகிற நர்ஸாக நான் இருந்தேன். எனக்கு அதில் பெருமை உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்குப் பாடமே நடத்துவேன்.

அப்பா வீட்டு முன்னாலேயே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என் சின்ன வயசுக் காய்ச்சலுக்கெல்லாம் அக்குளில் வைத்துப் பார்த்த தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். அதையும் நான் விடவில்லை. “இதக் குடுத்துட்டா முடிஞ்சுதா?” என்று கேட்டார். “முடிஞ்சுதுப்பா” என்று ஜம்பமாக வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வருஷம் எனக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. அம்மா இறந்து ஆறு வருஷமாகியிருந்தாலும் தாய்வீட்டுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக வந்துவிட்டேன். அப்பா கடையை அரைநாள் அடைத்துவிட்டு வெந்நீர் வைத்தார், துணி அலசினார், பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி என்னிடம் திட்டு வாங்கினார்.

பத்து நாளாகியும் பால் போதவில்லை. பிள்ளை அழுதாள், நானும் அழுதேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பார்கள். மறுநாள் காலையில் அப்பா பஸ் பிடித்துத் தருவைகுளம் கடற்கரைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்தார். சுடுதண்ணீர் தவிர வேறெதுவும் வைக்கத் தெரியாத மனுஷர், கடைக்கு வந்த மூன்று பெண்களிடம் பக்குவம் கேட்டு, அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கியிருந்தார். வாசனையிலேயே எனக்குப் பசி வந்துவிட்டது.

தட்டைக் கையில் வாங்கியதும்தான் பயிற்சி வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கோ எரிகிற நிலக்கரியின் புகையிலிருந்தும், எங்கோ தங்கம் பிரிக்கிற ஆற்றங்கரைகளிலிருந்தும் பாதரசம் கடலுக்கு வந்து சேர்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, அது சுறா மாதிரிப் பெரிய மீன்களில் கூடிக்கொண்டே போகிறது. தாய் தின்றால் பாலிலும் கொஞ்சம் போகும், பிள்ளையின் மூளைக்கு ஆகாது. ஒரு தட்டில் குடி முழுகிப் போகாதுதான். ஆனால் எனக்கு அப்பாவைத் தெரியும். நாற்பது நாளும் சுறாதான் வரும்.

“சுறா வேண்டாம்ப்பா” என்றேன்.

“உப்புக் கூடிப்போச்சா?”

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

“ஏளா, அதான் எல்லாத்தையும் டப்பால போட்டு அனுப்பிட்டியே. பொறவு மீனுக்குள்ள எப்படி வந்துச்சு?”

“நாம மட்டும் விட்டாப் பத்தாதுப்பா. கடல் எல்லாருக்கும் ஒண்ணுதான. அதான் எல்லா நாடும் சேந்து விடணும்னு சொல்லுதாங்க.”

தட்டை வாங்கி மூடிவைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “நீ பொறந்தப்பம் உங்கம்மை இத ஆசப்பட்டுக் கேட்டா. நாளைக்கு, நாளைக்குன்னு கடையே கதின்னு கெடந்துட்டேன். கடைசி வர வாங்கிக் குடுக்கல. ஒனக்காவது குடுப்போம்னு பாத்தேன்.”

அந்தப் பாழாய்ப்போன வகுப்புக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாளும் தருவைகுளம் போனார். இந்தத் தடவை பையில் சாளை, மத்தி என்பார்களே அந்தச் சின்ன மீன். “இதத் திங்கலாமா?” என்று வாசலிலேயே கேட்டார். “தாராளமாத் திங்கலாம்ப்பா, சின்ன மீன்ல அவ்வளவு சேராது” என்றேன். சாளையில் யாரும் புட்டு செய்து நான் பார்த்ததில்லை, அதன் முள் தலைமுடி மாதிரி இருக்கும். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவித்த மீனிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தார். வெளியே யாரோ “அண்ணாச்சி, சீனி இருக்கா?” என்று கூப்பிட, “சாயங்காலம் வாங்க” என்று உள்ளேயிருந்தே கத்தினார்.

தட்டு நிறையத் தின்றேன். ஒரு முள்கூட இல்லை. இரண்டு மூன்று நாளில் பால் ஊறியது. நர்ஸாகச் சொன்னால், பிள்ளை அடிக்கடி குடித்ததால்தான். ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்ல மாட்டேன்.

பால் குடித்துத் தூங்கியவளை மடியில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார், “இவ பிள்ள பெறும்போதாவது சுறா குடுக்கலாமா?”

எனக்குத் தெரியாது. ஆனாலும், “குடுக்கலாம்ப்பா” என்றேன்.

“அப்பம் நான் இருக்க மாட்டேம்லா. பக்குவத்த எழுதி வச்சிக்க.”

நோட்டை எடுத்து எழுதினேன். பூண்டு எத்தனை பல் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுத் திருத்திக்கொண்டேன்.