நாத்தனாரின் கார் நட்டு

என் வீட்டுக்காரர் சவுதியில் பல வருடம் டயர்க் கடையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்ததும், இனி ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கோட்டாறில் ஒரு பாத்திரக் கடை போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து கொண்டுவந்த, நட்டுக் கழற்றும் சாக்கெட் செட் மட்டும் சிவப்புப் பெட்டியில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அளவாக ஒரு குழி. ஒருமுறை குக்கர் கைப்பிடி ஆடுகிறதே என்று பெட்டியைத் திறந்துவிட்டேன். "ஏட்டி, அதத் தொடாத. ஒண்ணு போனா செட்டே போச்சு" என்று பாய்ந்து வந்து மூடினார். குக்கர் கைப்பிடி இன்றைக்கும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு. புதுக் கார், பளபளவென்று அலாய் வீல். சக்கரம் களவு போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு நட்டு உண்டாம், அதற்கென்று தனிச் சாவியாம். சாப்பிட்டுக் கிளம்பும்போது பார்த்தால் முன்சக்கரத்தில் காற்று இல்லை. ஸ்டெப்னி மாற்றலாமென்றால் அந்தச் சாவியின் பல் உடைந்து கிடந்தது. போன தடவை பஞ்சர் ஒட்டியவர் ஏர் கன்னை வைத்து முறுக்கியதில் போயிருக்க வேண்டும். மற்ற நட்டெல்லாம் கழன்றுவிட்டன. பூட்டு நட்டு மட்டும் அசையவில்லை.

எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

அது நிலைக்கவில்லை. அவர் உள்ளே போய்ச் சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு வெறுந்தரையில் உட்கார்ந்தார். காலையில் அந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது நான்.

"மக்கா, நீ வெயில்ல நிக்காத. உள்ள போயி இரி" என்று தங்கையிடம் சொன்னார். அடுத்த மூச்சில் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, ஒரு பழந்துணி எடுத்திட்டு வா" என்றார். அவளுக்கு மக்கா, எனக்கு ஏட்டி.

அலாயில் கீறல் விழக்கூடாதாம். துணியை நட்டைச் சுற்றி, குழந்தைக்குத் தலை துவட்டுவது போலப் பதமாக அடைத்தார். பெட்டியிலிருந்து ஒரு சாக்கெட்டை எடுத்து நட்டின்மேல் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் சின்னது, நுழையவில்லை. வேறு எடுப்பார் என்று நினைத்தேன். சுத்தியலை எடுத்து அதையே ஓங்கி அடித்தார்.

"ஐயோ, சாக்கெட் போயிருமே" என்றேன்.

"போனாப் போட்டும். இறுக்கமா ஏறினாத்தான் கடிச்சுப் பிடிக்கும்."

போனால் போகட்டுமாம்! என் குக்கருக்கு இல்லாத தாராளம். சாக்கெட் நட்டின்மேல் இறுகி ஏறியதும் நீளக் கம்பியை மாட்டிக் காலால் மிதித்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டு சுற்றத் தொடங்கியது. "அண்ணன்னா அண்ணன்தான்" என்று அவள் கைதட்டினாள். அவர் முகத்தில் வந்த சிரிப்பை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

ஸ்டெப்னி மாட்டியானதும், "மைனி, வாருங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று என்னைக் கூப்பிட்டாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவள் போன பிறகு அவர் சாக்கெட்டிலிருந்து நட்டைத் தட்டி எடுக்கப் பார்த்தார். வரவில்லை. நட்டோடேயே பெட்டியில் வைத்தார். அது குழியில் உட்காராமல் துருத்திக்கொண்டு நின்றது, மூடி மூடவில்லை. மனிதருக்கு வருத்தமே இல்லை.

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை.

"எனக்கொரு காரு இருந்து, அதுல நட்டு இறுகிப்போனா, எனக்காவ இப்படி ஒரு சாக்கெட்ட அடிச்சுக் கெடுப்பியளா?"

கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு எதுக்குட்டி காரு? நீ எங்க போவப் போற?"

கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். போக வேண்டிய இடம் ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்று வீம்பாக நின்றேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை.