முப்பதாம் நாள் காயம்

திருவனந்தபுரத்தில் நான் அறுவை சிகிச்சை படித்தபோது, பல மருத்துவமனைகளின் பயிற்சி மருத்துவர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினோம். அறுவை முடிந்த முப்பதாம் நாள் ஒவ்வொரு காயத்தின் நிலையையும் பதிய வேண்டும். எங்கள் பிரிவில் பதிந்தவள் என் ஜூனியர், மெலிந்த, கரமனை அக்ரகாரத்துப் பெண். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்காமல் எந்த நோயாளியையும் தொடமாட்டாள்.

பதிவுக்குக் கடைசி நாள். நான் தைத்த ஒரு பெண்ணின் காயத்தில் சீழ் பிடித்திருந்தது.

“அத மட்டும் விட்டுடேன். யூனிட் சீஃப் சாருக்குத் தெரிஞ்சா என் கதி அவ்வளவுதான்” என்றேன்.

“அந்தச் சேச்சிக்கு இன்னும் வலிக்கறதே, சேட்டா. விட்டா, வலியே இல்லேன்னு நாம எழுதினாப்பல ஆயிடுமல்லே?”

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். சீழ் என்று நானே பதிந்தேன்.

“வாங்கோ, அவாளுக்குக் கட்டு மாத்தணும்” என்று எழுந்தாள்.

மறுநாள் சார் திட்டத்தான் செய்தார். அது மறந்துவிட்டது. அவள் பின்னால் வார்டுக்கு நடந்த வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.