வெள்ளை வட்டத்துக்குள் பனங்கிழங்குப் பாத்தி

மண்கும்பான் கடற்கரையில் மல்லாந்து கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. உயரே ஒரு பருந்து சிறகசைக்காமல் மிதந்தது. அதன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிவேன்? யுத்தகாலத்தில் வானத்தைப் பார்த்துப் பயந்த கதைகள் எங்கள் தீவுகளில் வீட்டுக்கு வீடு உண்டு. வானத்திலிருந்து எங்களைப் பார்த்தவர்களின் கதை? எங்கள் தலைக்கு மேலே பறந்து படமெடுத்த வேவு விமானப் பிரிவின் வரலாற்றை நானே எழுதுவதென்று மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

நில அளவை படித்தவள். வான்படங்களை வாசிக்கத் தெரியும் என்ற துணிவு. தேடத் தேட, அந்தப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் இணையப்பக்கம் அகப்பட்டது. நிழலின் நீளத்தைக்கொண்டு ஒரு பொருளின் உயரத்தை எப்படிக் கணித்தார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார். மூச்சுவிடாமல் வாசித்தேன். ஒரு படத்தில் எங்கள் ஊர், சுருவில் கிராமத்துக் கரை. தேவாலயம், ஒழுங்கை, எங்கள் வளவு!

“அம்மா, ஓடி வாங்கோ! எங்கட வீடு!”

குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்த அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“ஓம், உது எங்கட கிணறுதான். உதென்ன, வெள்ளையா வட்டம் போட்டுக் கிடக்கு?”

வட்டத்துக்குள் நீளநீளமாகச் சில மேடுகள்.

“அதைத்தான் நானும் கேக்கிறன். என்ன மேடு உது?”

“பனங்கிழங்குப் பாத்தியடி. தம்பியும் நானும் போட்டது. அவன் ஆசையில கொட்டையை அடுக்கி அடுக்கி, மண்ணை இடுப்பளவுக்கு ஏத்திப்போட்டான். ஏன், பிளேன்காரனுக்கும் கிழங்கு வேணுமாமோ?”

சிரித்துக்கொண்டே படத்தின் கீழிருந்த ஆங்கில வரியை வாசித்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மண் மூடிய பதுங்குகுழிகள், தாக்கலாம் என்று இருந்தது.

எங்கள் வளவில் விழுந்த குண்டில்தான் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, செத்துப்போனார். நான் பிறப்பதற்கு முந்தியது. முதல்நாள் பட்டணம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் இராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று ஊர் முடிவுகட்டியது. அம்மாவும் நம்பினார். இன்றுவரை அவரோடு ஒரு சொல் பேசியதில்லை.

அந்த வரியைத் தமிழில் சொன்னேன்.

“பாத்தியையோ?” என்றார் அம்மா. திரையைத் தொட்டார். “பாத்தியையோ பங்கர் எண்டவங்கள்?”

சாயங்கால வெயிலில் எடுத்த படம், நிழல் நீண்டு விழுந்திருந்தது. அந்த நிழலை அளந்துதான் இடுப்பளவு மேட்டைப் பங்கர் என்று கணித்திருப்பார்கள். பரீட்சையில் நான் முழுப்புள்ளி வாங்கிய கணக்கு அது.

“அப்ப, அண்ணை சொல்லேல்லை.”

பக்கத்து வீட்டுக்காரரை அம்மா அண்ணை என்று சொல்லி நான் கேட்டதேயில்லை.

“செத்தவீட்டுக்கு வந்த மனுசனைப் படலை வாசலில வச்சே, உள்ளுக்கு விடாமல் கலைச்சனான் பிள்ளை.”

“நான் போய்ச் சொல்லட்டே?”

“நீ என்னெண்டு சொல்லுறது? கலைச்சது நான்.” கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். “ஆனா, அந்த முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது.”

விமானப் பிரிவின் வரலாறு முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறது. அந்த ஓய்வுபெற்றவருக்கு, அவர்கள் வட்டம் போட்டது எதையென்று எழுதவேண்டும். அது பிறகு. பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறு பூசையில் பின்வரிசை வாங்கில் இருப்பவர், ஆறுதலாக, எல்லாருக்கும் பிறகுதான் வெளியே வருவார். அவரைக் காணாமலிருக்க அம்மா பூசை முடிவில் குருவானவர் தரும் கடைசி ஆசீருக்கு முன்பே எழும்பி வந்துவிடுவார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வரும்வரை தேவாலய முற்றத்தில் நிற்கவைக்கப் பார்க்கப்போகிறேன்.