கயிற்றில் கை வைத்தவர்கள்

ஈரமான கரைவலைக் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். அந்த அறுப்பின் எரிச்சல், வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதுதான் உயிரை வாங்கும். மணமேல்குடிக்குத் தெற்கே எங்கள் கரையில், பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் எனக்கு அந்த எரிச்சல்தான். படகில் போய் வளைத்து விட்ட வலையை இரண்டு பக்கமும் நின்று கரைக்கு இழுப்பார்கள். வழியோடு போகிறவர் கை கொடுத்தாலும் அவருக்கு மீனில் பங்கு உண்டு. "கயித்துல கை வச்சவங்கள வெறுங்கையா அனுப்பக் கூடாது" என்பார் வலைக்குச் சொந்தக்காரரான என் அப்பா. அதில் சொந்தம், அசல் எதுவும் பார்க்க மாட்டார்.

அப்படித்தான் ஒருநாள் காரில் வந்திறங்கிய ஒருவர், பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். நாலு இழுப்பு இழுத்திருப்பார், அதற்குள் மூச்சு வாங்கியது. அப்பா அவருக்கும் ஒரு பங்கு பிரித்து, அதுவும் நல்ல நண்டாகப் பார்த்து, ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மறு வருஷமே அந்த மனிதர் கரையை ஒட்டிய தென்னந்தோப்பை வாங்கி 'ரிசார்ட்' கட்ட ஆரம்பித்தார். நாங்கள் வலை இழுக்கிற மணலும் வேலிக்குள் போகப்போகிறது என்று தெரிந்து ஊரே மனுக் கொடுக்கக் கிளம்பியது. அப்பா மட்டும் போகவில்லை.

"நம்ம கயித்துல கை வச்ச மனுசன். நம்மள அங்கிட்டுப் போன்னு சொல்லுவாரா?"

ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். "மீன வாங்கிட்டுப் போனவன் ஒங்களுக்கு மாமனா மச்சானா? போயி ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வாங்க!"

வலைக்காரரே வராத மனு எடுபடவில்லை. வேலி வந்தது.

போன மாதம் ஊருக்குப் போனவள், மகள் என்று காவலாளியிடம் சொல்லி வேலிக்குள் போய் அப்பாவைப் பார்த்தேன். அதே மணலில், ரிசார்ட் கொடுத்த நீலச் சட்டையோடு நின்றார். வந்து தங்குகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள, சாயங்காலமானால் முழங்கால் தண்ணீரில் வலையைப் போட்டு இழுத்துக் காட்டுவதுதான் இப்போது அவர் வேலை. அன்றைக்கும் அவர்கள் சூழ்ந்து நிற்க, இழுக்க ஆரம்பித்தார். இந்த வயதில் இப்படித் திணறுகிறாரே என்று ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

காவலாளி பதறிக்கொண்டு வந்தான். "கெஸ்ட் மட்டுந்தாங்க புடிக்கலாம். நீங்க இங்கிட்டு வந்துருங்க."

அப்பாவைப் பார்த்தேன். ஒருவரையும் கயிற்றை விடச் சொல்லி அறியாத மனிதர். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"விட்ரும்மா."

விட்டுவிட்டேன். மீன் சேரும் வலையின் மடி கரையேறியது. உள்ளே கொஞ்சம் பாசியும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. பங்கு பிரிக்க ஒன்றும் இல்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.