கால்சட்டைக்கு மேலே ஒரு சிட்டெங்கே

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். எஞ்சினியர் லுவேண்டோ ஹமலாம்போவுக்கு அந்த ஆடைப் பாதியால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

தலைநகர் லுசாகாவில் படித்துவிட்டு வந்தவள், வேலையில் கெட்டி. க்வெம்பே பள்ளத்தாக்கில் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட அவளை அனுப்பினார்கள். ஆனால் கம்பெனிக் கிடங்கில் அவள் அளவுக்கு உடுப்பு இல்லை. ஆறடி ஆணுக்குத் தைத்த நீலச் சட்டையையும் கால்சட்டையையும் கொடுத்தார்கள். கையையும் காலையும் மடித்து மடித்து விட்டுக்கொண்டாள். எஞ்சினியருக்கான வெள்ளைத் தலைக்கவசம் தீர்ந்துபோயிற்றாம். கூலியாட்கள் போடும் மஞ்சள் கவசத்தைக் கையில் திணித்தார்கள். பிறகு கேட்கவா வேண்டும்? சிமெண்டு ஏற்றி வரும் லாரிக்காரன் முவீங்கா ஒவ்வொரு முறையும் அவள் முகத்துக்கு நேரே நின்றே கேட்பான்.

"தங்கச்சி, எஞ்சினியர் எங்கம்மா?"

"நான்தான்."

"சரி சரி, அவர் வந்தா சொல்லு" என்று மேஸ்திரியைத் தேடிப் போய்விடுவான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேஸ்திரி சியமேஜா எந்த வெயிலிலும் தன் பழைய கோட்டைக் கழற்ற மாட்டார். வருகிற வணக்கமெல்லாம் அந்தக் கோட்டுக்குத்தான். அவர் சிறுத்தைக் குலம், அவள் ஆட்டுக் குலம். இரண்டுக்கும் கேலி முறை. ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. சாவு ஊர்வலத்தையே மறித்துக் கூத்தடித்தாலும், கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். அது தாத்தா காலத்துக்கும் முந்திய சட்டம்.

"ஏ ஆடே, அந்தக் கால்சட்டைக்குள்ள இன்னும் ரெண்டு பேர் குடியிருக்கலாம் போலிருக்கே!" என்பார் சியமேஜா.

"உங்க கோட்டுக்குள்ள இருக்கிறது வெறும் தொப்பைதானே சிறுத்தையாரே! போய்க் கம்பியை நேரா கட்டச் சொல்லுங்க."

இந்தக் கேலியில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் மற்றவர்களிடம்தான். ஆற்று மணல் எடுக்க ஊர்த் தலைவரைப் பார்க்கப் போனால், கால்சட்டையோடு நிற்கிற பெண்ணை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். மேலே, ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டெங்கேத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, மண்டியிட்டுக் கைதட்டி வணங்கினால்தான் பேச்சு. அதனால் ஒரு சிட்டெங்கே எப்போதும் அவள் பையில் இருக்கும். அதே துணியோடு வேலையிடத்துக்குத் திரும்பினாலோ, "சமையலுக்கு ஆள் வந்தாச்சா? இன்னைக்கு நிசிமாக் களிக்குத் தொட்டுக்க என்ன?" என்பார்கள் வெளியூர் டிரைவர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இப்படியே பாலத்தின் மேல்தளம் வரைக்கும் வந்துவிட்டார்கள். கான்கிரீட் ஊற்றி, ஈரச் சாக்கு விரித்து, தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நேரம். தளம் இன்னும் இறுகாமல் பச்சையாக இருந்தது. கீழே தைல மரக் கம்புகள்தான் அதைத் தாங்கிக்கொண்டு நின்றன. அப்போது மேற்கே எங்கோ கொட்டிய மழையில் ஆறு பொங்கி வந்து, லாரிகள் இறங்கிக் கடக்கும் மணல் பாதையை விழுங்கிவிட்டது.

அன்றைக்கென்று வந்தது சாவு லாரி. நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்த பெரியவர் ஹங்கோமாவை அக்கரையில் இருக்கும் சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். இறந்தவர் ஊர்த் தலைவரின் அண்ணன். லாரியின் பின்புறம் எள் விழ இடமில்லை. பெண்களும் பாட்டுமாக நிறைந்து கிடந்தது. ஓட்டி வந்தவன் வேறு யாருமில்லை, முவீங்காதான். ஆற்றைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான், வண்டியைப் பாலத்துப் பக்கம் திருப்பினான்.

லுவேண்டோ அதைப் பார்த்துவிட்டாள். லாரி ஏறினால் முட்டுக் கம்பு முறியும். அத்தனை பேரும் வெள்ளத்தில் போவார்கள்! ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"நிறுத்து! நிறுத்து! தளம் தாங்காது!"

லாரியில் பாட்டு நின்றது. "ஐயோ, பொணத்துக்கு முன்னால கால்சட்டையோட நிக்கிறா பாரு!" என்று ஒரு பெண் அலறினாள். "வெக்கங்கெட்டவ!" என்றாள் இன்னொருத்தி. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்த் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தள்ளு தங்கச்சி! எஞ்சினியரைக் கூப்பிடு, அவர் சொல்லட்டும்!" என்று கத்தினான் முவீங்கா.

"நான்தான்யா எஞ்சினியர்!"

ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் சியமேஜாவிடம் ஓடினாள். "நீங்க சொல்லுங்க மேஸ்திரி! உங்க பேச்சைக் கேப்பாங்க!"

"என்னால முடியாதும்மா. எங்க பெரியப்பா அவரு. நானே வழிமறிச்சா ஊரைவிட்டு ஒதுக்கிடுவாங்க" என்றார் அவர். கோட்டு இருந்தும் ஆள் வாடிப்போயிருந்தார்.

பையிலிருந்து சிட்டெங்கேயை உருவி, கால்சட்டைக்கு மேலே சுற்றி முடிந்துகொண்டு திரும்ப ஓடினாள். இப்போதாவது கேட்பார்களா? முவீங்காவின் குரல் தேனாகத்தான் மாறியது.

"துக்கத்துக்கு வந்தவளா? முன்னாடியே சொல்லக் கூடாதா தாயி! ஏறிக்கோ, அடக்கத்துக்கு நேரமாச்சு!"

இஞ்சின் உறுமியது. முன்சக்கரம் ஈரச் சாக்கின் ஓரத்தை நோக்கி உருண்டது. கால்சட்டையும் கைகொடுக்கவில்லை, துணியும் கைகொடுக்கவில்லை. பெரியப்பா என்றாரே மேஸ்திரி! அப்படியானால் இறந்தவரும் சிறுத்தைதானே! அந்த எண்ணம் வந்த கணத்தில், சக்கரத்துக்கு முன்னால் நனைந்த சாக்கின் மேல் அப்படியே நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டாள்.

"ஏ சிறுத்தைங்களா! உங்க ஆடு இங்க படுத்திருக்கு! ஏத்திக் கொன்னு தின்னுங்க! கெழவரு உசுரோட இருந்தப்ப பல்லு இல்லாம பட்டினி கெடந்தாரு, இப்பவாவது கறி போட்டு அனுப்புங்க!"

லாரி குலுங்கி நின்றது. பிறகு அழுதுகொண்டிருந்த ஒரு கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். "ஆட்டுக் குலத்துக் கழுதை! எந்த வீட்டுக் குட்டிடி நீ?" அவ்வளவுதான், லாரி முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது.

ஊர்த் தலைவர் இறங்கி வந்தார். கேலி முறைக்காரியிடம் யார் கோபப்பட முடியும்? "சரி ஆடே, வழிவிட என்ன வேணும்? கோழியா, துணியா?"

"ஒண்ணும் வேணாம் பெரியவரே. லாரி இந்தக் கரையிலயே நிக்கணும். எல்லாரும் எறங்கி, அவரைத் தோள்ல தூக்கிட்டு, நான் கால் வைக்கிற எடத்துல கால் வச்சு வரணும். மனுசங்க நடந்தா தாங்கும், லாரியைத் தாங்காது. குனிஞ்சு கீழ பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். மெலிந்த கம்புகளைச் சுற்றிச் செம்மண் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று லாரிப் பக்கம் திரும்பினார்.

"எறங்குங்க எல்லாரும்! ஆடு கேட்டதைக் குடுக்காமப் போனா அண்ணனுக்கு ஆகாது!"

முன்னால் லுவேண்டோ போனாள். தலையில் மஞ்சள் கவசம், இடுப்பில் சேறு படிந்த சிட்டெங்கே, அதற்குக் கீழே கால்சட்டையின் மடிப்பு. பின்னால் தோள்களில் பெரியவர், அதன் பின்னால் பாட்டு. அந்தப் பாலத்தை முதலில் கடந்தவர் ஹங்கோமாதான். தளத்தில் ஒரு கீறல் விழவில்லை.

ஆனாலும் திரும்பி வரும்போது மனதில் ஒரு முள். "பாத்தீங்களா சிறுத்தையாரே, ஆட்டுக்காகத்தான் நின்னாங்க, எஞ்சினியருக்காக இல்ல" என்றாள்.

சியமேஜா குனிந்து, கலைந்த ஈரச் சாக்கைச் சரியாக விரிக்கத் தொடங்கினார்.

சில நாள் கழித்து, அக்கரை வேலைக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு முவீங்கா வந்தான். வெள்ளம் இன்னும் வடியவில்லை. பாலத்தடியில் முட்டுகளைப் பார்த்துவிட்டு அப்போதுதான் மேலே ஏறி வந்த லுவேண்டோவின் உடுப்பெல்லாம் சேறு. சிட்டெங்கே பையில் இருந்தது, கவசம் ஜல்லிக் குவியலின் மேல் கிடந்தது. பக்கத்தில் சியமேஜா கோட்டோடு நின்றார்.

முவீங்கா இறங்கினான். கோட்டைத் தாண்டி நடந்தான். அவள் முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினான்.

"எஞ்சினியர், இப்ப வண்டியை விடலாமா?"

"இன்னும் ஆகலை முவீங்கா. தளம் நல்லா இறுகி, கம்பைப் பிரிச்ச பிறகுதான்."

அவன் சியமேஜாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரிங்க எஞ்சினியர்" என்று வண்டியில் ஏறி, பின்னுக்கு எடுத்து, தூசி பறக்கத் திரும்பிப் போனான். லுவேண்டோவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மடித்துவிட்ட கால்சட்டை தடுக்கிவிடும் என்றுதான் அடக்கிக்கொண்டாள்.