குரோவாக் ஜெயித்திருக்க வேண்டும்

மீன் தட்டு வருவதற்குள் வெண்டல் மேசையைப் போர்க்களமாக்கிவிடுவான். உப்புக் குப்பி குரோவாக். வினிகர் புட்டி ஸெல்மாரா. கசக்கிப் போட்ட காகிதக் கைக்குட்டை ஒரு செத்துப்போன கிரகம். "இதோ பாரு, இவன் இங்க நிக்கிறான். கல்லு ஒடம்பு. அவ குழாய்க்குள்ளேர்ந்து வர்றா. வந்தா என்ன? வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்," என்பான். எதிரே இருக்கும் லோரெய்ன் வினிகர் புட்டியால் உப்புக் குப்பியைத் தட்டிக் கவிழ்ப்பாள். பரிமாறும் பெண் வந்து, "எடத்த காலி பண்ணுங்கப்பா, தட்டு சுடுது," என்று அதட்டும்வரை யுத்தம் ஓயாது.

மில்வாக்கி நகரத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன் தின்னாதவர் குறைவு. எங்கள் மேசையில் மூன்று பேர். நான் வறுத்த மீனுக்கும் உருளைக்கிழங்கு அடைக்கும் போகிறவன். குரோவாக், ஸெல்மாரா என்ற சினிமா பூதங்களில் எனக்கு அக்கறை கிடையாது. அவர்கள் இருவருக்கும் மீன் ஒரு சாக்கு.

வெண்டலுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பழுதுபார்ப்பது தொழில். "வடிகட்டி அடைச்சிருந்துச்சு, மாத்திட்டேன்," என்பதற்குமேல் வாடிக்கைக்காரர்களிடம் வாய் திறக்க மாட்டான். ஆனால் குரோவாக் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், மடை திறந்துவிடும். பள்ளிக்கூட நாளில் பார்த்த படம் அது. மனிதரே இல்லாத ஒரு கிரகத்தில் தன்னந்தனியாகக் காவல் நிற்கும் கல் பூதம். ஒரு வார்த்தை பேசாது. அடுத்தடுத்து வந்த பாகங்களிலும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் அவன் ரசிகன் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

லோரெய்ன் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் கட்சி ஸெல்மாரா. விண்கலத்தின் குழாய்களுக்குள் வாழும் விலாங்கு மாதிரியான பெண் பூதம் அது. கண் கிடையாது, ஓசையை வைத்தே எல்லாம் அறியும். இரண்டும் வேறு வேறு கம்பெனிகளின் சொத்து. ஒரே படத்தில் அவை மோத வழியே இல்லை. அதனால்தான் இருபது வருஷமாக இவர்களுடைய சண்டைக்கும் முடிவில்லை. இரண்டு பேரும் தனி ஆட்கள். "பேசாம அவளையே கட்டிக்கயேன்," என்று ஒரு தடவை வெண்டலிடம் சொல்லிப் பார்த்தேன். "ஸெல்மாரா கட்சிக்காரிய எப்படிய்யா வீட்டுக்குள்ள விடறது?" என்றான். முகம் அப்படியேதான் இருந்தது. காது மட்டும் சிவந்துவிட்டது.

பிறகு ஒரு கம்பெனி இன்னொன்றை விலைக்கு வாங்கியது. பூதங்கள் இரண்டும் ஒரே கொட்டிலுக்கு வந்து சேர்ந்தன. 'இருவரும் மோதுகிறார்கள்' என்று அறிவிப்பு வந்த அன்று வெண்டல் யாரோ வீட்டு நிலவறையில் ஃபர்னஸைப் பிரித்துப் போட்டது போட்டபடி லோரெய்னுக்கு போன் செய்தானாம். அவள் பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அழுதாளாம். நம்பக்கூடிய விஷயம்தான்.

முதல் காட்சிக்கு வேஷம் கட்டிக்கொண்டு போவது இவர்கள் கூட்டத்து வழக்கம். கோடை முழுக்க வெண்டல் நுரைப்பஞ்சை வெட்டி, ஒட்டி, ரப்பர் பால் பூசிக் காயவைத்து குரோவாக்கின் தலையைச் செய்தான். கண்களுக்குத் தேன் நிறப் பிளாஸ்டிக் தகடு. அதை மாட்டிக்கொண்டுதான் அரங்கில் லோரெய்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளுடைய ஸெல்மாரா வால் படம் முடியும்வரை என் மடியில் கிடந்தது.

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது யாரும் கை தட்டவில்லை. குரோவாக் வாய் திறந்து பேசிவிட்டது. பேசியதும் ஜோக்கு. பெரிய சண்டை கொட்டுகிற மழையில், கும்மிருட்டில் நடந்தது. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பாதியில் மூன்றாவதாக ஒரு பூதம் வந்து நின்றது. உடனே பழைய பூதங்கள் இரண்டும் கைகோத்துக்கொண்டன.

"கூட்டணி வெச்சுக்கிச்சுங்க," என்றாள் லோரெய்ன். குரல் உடைந்திருந்தது.

வெண்டல் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "தலைய மாட்டிக்கிட்டுப் பாத்தேன்ல, அதான் இருட்டா தெரிஞ்சிருக்கு. உள்ள காதும் சரியா கேக்கல. நாளைக்கு வெறுங்கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்," என்றான். படத்தின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ரசிகனால்தான் முடியும். மறுநாள் தனியாகப் போனான். தகட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை. வெறுங்காதிலும் குரோவாக் அதே ஜோக்கைத்தான் சொன்னது.

அந்த வெள்ளிக்கிழமை உப்புக் குப்பியை அவன் தொடவில்லை. வினிகரை லோரெய்ன் மீனின்மேல் ஊற்றித் தின்றாள்.

"இந்த வருஷம் பனி சீக்கிரமே வந்துரும்போல," என்றான்.

"ஆமா," என்றாள்.

பல் டாக்டர் வீட்டில் முறைக்குக் காத்திருப்பவர்கள் இதைவிட நன்றாகப் பேசுவார்கள். அதற்கடுத்த வாரம் அவள் வேலையைச் சாயங்கால ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டதாகச் சேதி வந்தது.

வெண்டல் வருவதை நிறுத்தவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவன் முள்கரண்டி நின்றுவிடும். "ஒரு போன் பண்ணேன்," என்றேன்.

"பண்ணி என்னத்தப் பேச? குரோவாக்க நெனச்சாலே அந்த ஜோக்கடிச்ச மூஞ்சிதான் முன்னால வந்து நிக்குது. இத்தன வருஷமா நாங்க மனசுல ஓட்டிட்டிருந்தது எதுவுமே வர மாட்டேங்குது. அது இல்லாம அவகிட்ட எனக்குப் பேசத் தெரியாதுய்யா."

அவன் லோரெய்னுக்காக ஏங்கினான். பார்க்கவே பாவமாக இருந்தது. மோசமான படம் எடுப்பவனுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது. அவன் தட்டில் மிச்சம் வைத்ததை நான்தான் தின்றேன்.

முதல் பனி விழுந்த வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. ஓட்டுநர் கோட்டோடு லோரெய்ன் உள்ளே வந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னய்யா, உசுரோடதான் இருக்கியா?"

"ஷிப்டு என்னாச்சு?" என்றான் வெண்டல்.

"விட்டுட்டேன். வேலையில மூழ்கினா மறந்துரும்னு பாத்தேன். டெப்போவுல தனியா உக்காந்து காஞ்ச ரொட்டி தின்னதுதான் மிச்சம்."

தட்டுகள் வந்தன. யாரும் தொடவில்லை. வெண்டல் தொண்டையைக் கனைத்தான்.

"நீ எடுத்திருந்தா அந்தச் சண்டைய எங்க வெச்சிருப்ப?"

"பகல்ல. நல்ல வெயில்ல. எல்லாம் பளிச்சுனு தெரியணும்."

"யாரு ஜெயிப்பா?"

லோரெய்ன் அவனை உற்றுப் பார்த்தாள். "நான் சொன்னா நீ விட்டுருவியாக்கும்."

"விடறேன். உன் ஸெல்மாராவே ஜெயிக்கட்டும். மொதல்லேர்ந்து சொல்லு. மெதுவா சொல்லு."

இப்படியொரு வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. லோரெய்னும் கேட்டிருக்க மாட்டாள். கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தாள். அதற்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அந்தக் கிரகத்துல அப்பத்தான் விடியுது," என்று ஆரம்பித்தாள்.

பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள், ஒரே கூச்சல். வெண்டல் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் பக்கமாகச் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டான்.