அத்தையும் குடையும் சாந்தோ டொமிங்கோவும்

கோலார் தங்கவயலான கே.ஜி.எஃப்பின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடிவதற்கு முன் புறப்படும் ரயிலில், பெண்கள் பெட்டியில் ஏறி "என்கொயரி ஆன்ட்டி எங்கே?" என்று கேட்டால் எல்லாக் கைகளும் ஒரு ஜன்னலைக் காட்டும். அந்த ஜன்னலோரம்தான் இருபது வருஷம் என் மாமியார் மரியகுழந்தையின் இடம். அடுத்த ஸ்டேஷனான சாம்பியன் ரீப்ஸில் ஏறுவார். பங்காருப்பேட்டை வருவதற்குள் எதிரே உட்கார்ந்தவரின் குடும்பக் கதை முழுக்க அவர் கையில் இருக்கும். டிக்கெட் பரிசோதகரையே நிறுத்தி, "இன்னா சார், ஃபைன் போட்ட அன்னிக்கு வூட்ல தூக்கம் வருமா?" என்று கேட்டவர் அவர்.

பெங்களூரில் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் பெரிய காலர் சட்டையைக் கையில் எடுத்தால், "இந்தக் கழுத்துக்காரன் எந்த ஊர்க்காரன்? இன்னா சாப்பிடறான்?" என்று சூப்பர்வைசரைக் குடைவாராம். அதற்கு முன் சுரங்க ஆஸ்பத்திரியில் ஆயா. அங்கேயும் டாக்டர்கள் அவரைக் கண்டால் ஒதுங்குவார்களாம். ஆயா வேலை எப்படிக் கிடைத்தது என்றால், கணவர் சாம்சன் தங்கச் சுரங்கத்தின் அடியில், பாறை வெடித்துச் சிதறிய ஒரு ராக்பர்ஸ்ட்டில் இறந்துபோனதால். அப்போது என் மனைவி கரோலின் நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை.

ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் பதில் வாங்கிய அத்தைக்கு, பதிலே சொல்லாத ஒரே ஆள் சாம்சன் மாமாதான் என்று கரோலின் சொல்லுவாள். ஷிஃப்ட் முடிந்து வந்தவரிடம் "கீழ இன்னா இருக்குது?" என்று தினமும் கேட்பாராம். அவர் "சூடு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துவிடுவாராம். பெண்களைக் கீழே இறக்கும் வழக்கம் இல்லை. ஆகவே பிறந்ததிலிருந்து சுரங்கத்தின் தலைமேல் வாழ்ந்தும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியாது.

உலகத்தையே கேள்வி கேட்கும் இந்த அம்மாள் கேள்வியே கேட்காத ஆள் ஒருவன் உண்டு. அவன் நான்தான். பெயர் ராஜ்குமார். பெமல் நகர் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன். கரோலினைப் பெண் கேட்டுப் போனபோது, "இன்னா வேலை?" என்று அத்தை கேட்டார்; அதுதான் கடைசிக் கேள்வி. பெங்களூர் மெட்ரோவில், பூமிக்கு அடியில் ஓடும் பாதையில், காற்று இழுக்கும் ஃபேன்களையும் தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அத்தை எழுந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "கீழ எறங்குற ஆளுக்கு எம் பொண்ணு இல்ல" என்றார். அவ்வளவுதான்.

மதம்தான் காரணம் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊருக்கு என்ன தெரியும்? அப்படியும் நடந்த எங்கள் கல்யாணத்துக்கு வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், பிரியாணி சாப்பிட்டார், மகளுக்கு முத்தம் கொடுத்தார், என்னை ஒரு தூணைத் தாண்டுவது போல் தாண்டிப் போனார். பிறகு அவர் வீட்டுக்கு எத்தனையோ முறை போனேன். டீ வரும், முட்டை தோசை வரும், பேச்சு வராது. எனக்கும் ரோஷம் உண்டு. மெட்ரோ வேறு, தங்கச் சுரங்கம் வேறு என்று விளக்கவேண்டும் என்று வாய் துறுதுறுக்கும். கேட்டால்தானே சொல்ல முடியும்? எனக்கு அம்மா இல்லை. ஒரே ஒரு தடவை "மாப்பிள்ளை" என்று அவர் வாயால் கூப்பிட்டால் போதும் என்று ஏங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டு வருஷம் முன்பு நான் வேலை பார்க்கும் ஃபேன் கம்பெனி என்னை சாந்தோ டொமிங்கோவுக்கு அனுப்பியது. கரீபியன் கடலோரம், டொமினிக்கன் குடியரசின் தலைநகரம். அங்கேயும் பூமிக்கடியில் மெட்ரோ ஓடுகிறது. கரோலினுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. போன நவம்பரில் அம்மாவை வரச்சொல்லி டிக்கெட் போட்டாள். வரமாட்டார் என்று நான் பந்தயம் கட்டினேன். வந்துவிட்டார். ரோஷத்தைவிட என்கொயரி பெரிது.

நவம்பர் என்றால் கே.ஜி.எஃப்பில் பனி இறங்கும், தங்கம் எடுத்த கழிவான சயனைட் மண்மேடு காலையில் கண்ணுக்கே தெரியாது. அந்தக் கணக்கில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா, ஒரு கறுப்புக் குடையோடு விமானத்தை விட்டு இறங்கினார். வெளியே வெயில் அனலாக அடித்தது. கரோலின் வண்டி பிடிக்கப் போயிருந்தாள். என் பக்கத்தில் நின்ற அத்தை கையிலிருந்த குடையைப் பார்த்து, "ஏ குடை, இன்னா இது, நவம்பர்ல இப்டி வேகுது? இந்த ஊர்ல குளிரே வராதா?" என்றார்.

நானும் குடையைப் பார்த்து, "டிசம்பர் பக்கம் லேசா காத்து குளிரும், குடை. அதுக்கே இவங்க கம்பளி தேடுவாங்க" என்றேன். அத்தை மூக்கால் ஒரு சத்தம் செய்தார். பதில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து இதுவே ஏற்பாடு. கரோலின் சாயங்காலம்தான் வருவாள். எனக்கு இரவு ஷிஃப்ட், பகலில் தூங்கி எழுந்தால் நானும் அத்தையும் குடையும்தான் மிச்சம். அவருக்கு ஊரைப் பார்த்தாகவேண்டும், ஸ்பானிஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடற்கரைச் சாலையில் நடப்போம். "ஏ குடை, கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்குது, இவங்க இன்னாத்துக்கு இப்பவே ஸ்டார் கட்டிக்கினாங்கோ?" "இங்க அக்டோபர்லயே கிறிஸ்துமஸ் ஆரம்பம், குடை." "ஏ குடை, தெருவுல மேசை போட்டுக்கினு எலும்புத் துண்டு மாதிரி அடுக்கறாங்களே, அது சூதாட்டமா?" "டோமினோ, குடை. சும்மா பொழுதுபோக்கு." வழியில் போகிற ஆண்களின் கழுத்தை வேறு உற்றுப் பார்ப்பார். ஒரு நாள் மளிகைக் கடைக்காரனின் பருத்த கழுத்தைக் கண்டு, "இவந்தான்! இவனுக்குத்தான் நான் செக்கிங் பண்ணேன்" என்று சந்தோஷத்தில் குடையைத் தட்டினார். கடைக்காரன் ஒன்றும் புரியாமல் ஒரு மிட்டாய் கொடுத்தான்.

தெரு முனையில் ஒரு பெண் பச்சைக் காய் உரித்துப் பையில் கட்டி விற்பாள். அத்தை ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். முகம் மலர்ந்துபோயிற்று. துவரை! எங்கள் கோலார் பக்கம் இதே மாதங்களில் வண்டி வண்டியாக வருகிற அதே பச்சைத் துவரை. அத்தை அவள் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் உரித்தார்கள். அவள் ஸ்பானிஷில் எண்ணச் சொல்லிக்கொடுத்தாள், இவர் தமிழில் சொல்லிக்கொடுத்தார். ஊனோ, தோஸ், த்ரேஸ். ஒரே வாரத்தில் அத்தை பத்து வரை தப்பில்லாமல் சொன்னார். மொழி தெரியாமலே அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், புருஷன் எங்கே, மூத்த மகள் ஏன் அவளோடு பேசுவதில்லை என்பதெல்லாம் கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். துவரைக்காரிக்கு எதிர்ப்பக்கம்தான் மெட்ரோ நிலையத்தின் வாசல். அதன் அடியில்தான் என் பம்பு அறை. அந்த வாசலைப் பற்றி மட்டும் குடைக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. அங்கே வந்தால் அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பெங்களூரிலும் அப்படித்தான், கம்பெனி வாசல் வரை மெட்ரோ வந்த பிறகும் இரண்டு பஸ் மாறித்தான் போனார். வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே கொக்கியில் தொங்கும், எண் போட்ட என் அடையாள அட்டையை எடுத்து மாட்டுவேன். அத்தை அந்த அட்டையை முறைத்துப் பார்ப்பார். அதையும் வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் வெறுத்துப்போய், "அவங்க வந்தது உன்னைப் பார்க்க, எனக்கு என்ன, நான் வழிகாட்டிப் பலகை" என்று கரோலினிடம் கத்தியிருக்கிறேன். அவள் அழுதாள். அவள் அழுதால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

அத்தை ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது என் ஷிஃப்ட் பகலுக்கு மாறியது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பம்பு அறையில் இருந்தேன். காலடியில் ஒரு லாரி போனது போல் இருந்தது, அவ்வளவுதான். விளக்கு ஒரு முறை சிமிட்டியது. பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. நிலநடுக்கம், சிறியது. ரயில்களை நிறுத்தி, பயணிகளை வெளியே அனுப்பிவிட்டு, நாங்கள் பாதையைச் சோதிக்கவேண்டும்.

மேலே நடந்ததைக் கீழ்வீட்டு அம்மாள் பிறகு சொன்னார். சாமான்கள் ஆடியதும் "தெம்ப்ளோர்! தெம்ப்ளோர்!" என்று கத்திக்கொண்டு எல்லாரும் கட்டடங்களை விட்டுத் திறந்த வெளிக்கு ஓடினார்கள். அந்த ஊரில் பூமி ஆடினால் மேலே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து, சுவர் விழும். அத்தையையும் கையைப் பிடித்து மாமரத்தடிக்கு இழுத்துப் போனார்களாம். அத்தை கையை உதறிவிட்டு, செருப்புகூடப் போடாமல், உயரமான கட்டடங்களுக்கு நடுவே, எல்லாரும் ஓடிவந்த திசைக்கு நேர் எதிராக ஓடினாராம். "பைத்தியமா உங்கள் மாமியாருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

பைத்தியம் இல்லை. கே.ஜி.எஃப்பில் அடியில் பாறை வெடித்துப் பூமி ஆடினால் மேலே அலமாரிப் பாத்திரம் மட்டும்தான் விழும். செத்தவர்கள் எல்லாரும் கீழே இருந்தவர்கள். பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டதும் பெண்கள் சுரங்கத்துக்கு இறங்கும் ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். அத்தைக்குத் தெரிந்த நிலநடுக்கம் அது ஒன்றுதான்.

சோதனை முடியும் நேரம் காவலாளி வந்து என் தோளைத் தட்டினான். "நாலு ஒன்று ஏழு நீதானே? உன் அம்மா மேலே நிற்கிறாள்."

"என் அம்மா இறந்துவிட்டாள்" என்றேன்.

"குடையோடு ஒரு இந்திய அம்மா. கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு ஒன்று ஏழு, நாலு ஒன்று ஏழு என்று எங்கள் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். விட மாட்டேன் என்கிறாள்."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். பூட்டிய கம்பிக் கதவுக்கு அப்பால் அத்தை. கால் விரலில் ரத்தம், தலை கலைந்திருந்தது. துவரைக்காரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குவாத்ரோ, ஊனோ, சியேத்தே" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. என்னைக் கண்டதும் நின்றது. கம்பிக்குள் கையை விட்டு, என் மார்பில் தொங்கிய அட்டையைத் திருப்பி, எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"நாலு, ஒண்ணு, ஏழு. இதான உங்க நம்பரு?"

குடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா அத்தை. எனக்கு ஒண்ணும் ஆகல. கீழ ஆட்டமே தெரியல."

அத்தை கம்பியிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். "கரோலின் அப்பா நம்பர் எனக்குத் தெரியாதுங்க" என்றார். "சின்ன வயசு. அவுரு பேரு தெரியும், நம்பர எவ கேட்டு வெச்சிக்குவா? கேட்டுல செத்தவங்கள நம்பரா படிச்சாங்கோ. ஒவ்வொரு நம்பருக்கும் ஒருத்தி ஓன்னு அழுதா. ஒரு நம்பர் படிச்சாங்கோ, யாரும் அழல. நம்ம ஆளு இல்லன்னு நானும் பக்கத்துல இருந்தவளப் பார்த்து சிரிச்சேன். அது அவரு நம்பர்ங்க. நான் சிரிச்சேன்." என் அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டார். "அதான் இங்க வந்த மொத நாளே உங்க அட்டையப் பார்த்து மனப்பாடம் பண்ணேன்."

நான் அழுதேன். காவலாளி நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தான்.

சற்று நேரத்தில் கதவைத் திறந்தார்கள். மக்கள் உள்ளே போக ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பை தூக்கிய பெண்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி. அத்தை அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொம்பளைங்கல்லாம் எறங்கறாங்களே" என்றார். "கீழ இன்னா இருக்குது? என்னையும் கூட்டினு போங்க."

செருப்பில்லாத காலோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு, நகரும் படி வேண்டாம் என்று சாதாரணப் படியில் இறங்கினார். பாதி வழியில் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.  நடைமேடையின் கடைசிக்கு, பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட் சுவர் தெரியும் இடத்துக்கு அழைத்துப் போனேன். என் ஃபேன்களின் காற்று அங்கே நன்றாக வரும். அத்தை குடையை என்னிடம் கொடுத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துச் சுவரில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"சூடு இல்லீங்களே, மாப்பிள்ளை" என்றார்.